‘எல்லோருக்கும்’ என்பதில் உள்ள ‘உம்’

நோய்க்குச் சாதி கிடையாது என்கிறார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் இந்தச் சொல்லை எத்தனை மேடைகளில் கேட்டோம்! மருத்துவர் சொன்னார், மந்திரி சொன்னார், நம்மோடு மறியலில் வந்து உட்கார்கிற முற்போக்குத் தோழரும் சொன்னார். கிருமி சாதி பார்த்து வருவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊசி? ஊசி காற்றில் பறந்து வருவதில்லை. ஒருவன் தயாரிக்கிறான், ஒருவன் விலை வைக்கிறான், ஒருவன் பங்கு பிரிக்கிறான், ஒருவன் பெட்டியில் ஏற்றுகிறான், ஒருவன் எந்தத் தெருவில் இறக்குவது என்று முடிவு செய்கிறான். கிருமிக்கு இல்லாத சாதி இவர்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அப்புறம் எப்படி ஊசிக்கு மட்டும் சாதி இல்லாமல் போகும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டேன். மேடையில் இருந்த மருத்துவ நண்பர் வருத்தப்பட்டார். “தோழர், 2021 அக்டோபர் 21ஆம் தேதி நூறு கோடி டோஸ் போட்டு முடித்தோம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முதல் தவணை போட்டாகிவிட்டது. இதிலுமா சாதியைக் கொண்டு வருவீர்கள்?” என்றார். கைதட்டினார்கள். எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அந்த மணிக்குப் பிறகு சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நண்பர் சொன்ன கணக்கு பொய் இல்லை. ஊசி கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. எப்போது கிடைத்தது, யாருக்கு முதலில் கிடைத்தது, யார் வந்து வந்து திரும்பிப் போனார்கள் என்று கேட்கிறேன். 2021 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் பிணம் எரிக்க இடமில்லாமல் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் போட்ட ஊசியும் அது முடிந்து செப்டம்பரில் போட்ட ஊசியும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றுதான். சாகக் கிடந்தவனுக்கு ஒன்றில்லை.

*

முதலில் வரத்தைப் பார்ப்போம்.

2021 ஜனவரி 16 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி ஒரு துப்புரவுத் தொழிலாளிக்குப் போடப்பட்டது. போட்டோ எடுத்தார்கள், நாடே பார்த்தது. பந்தியில் நமக்கு முதல் இலை போட்டது சரித்திரத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான். அதற்கு அடுத்த மாதம் எங்கள் பக்கத்துப் பேரூராட்சியில் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிற பெண்கள் போய்க் கேட்டபோது, “உங்க பேரு லிஸ்ட்ல ஏறலம்மா, அடையாள அட்டை எங்க?” என்று திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தக்காரர் அட்டையே கொடுக்கவில்லை. கொடுத்தால் பி.எஃப். கேட்பார்களே! போட்டோவில் துப்புரவுத் தொழிலாளி இருந்தார், பட்டியலில் இல்லை.

அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒன்றிய அரசு தடுப்பூசிக்கு 35,000 கோடி ஒதுக்கியது. அப்படியிருந்தும் மே 1 முதல் ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தார்கள். உற்பத்தியில் பாதி ஒன்றிய அரசுக்கு, மீதிப் பாதியை மாநிலங்களும் தனியார் ஆஸ்பத்திரிகளும் போட்டி போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே கோவிஷீல்டு குப்பி, ஒன்றிய அரசு வாங்கினால் டோஸ் 150 ரூபாய், மாநிலம் வாங்கினால் 300, தனியார் வாங்கினால் 600. பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயது வரை உள்ளவர்கள் கணினியில் பதிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும். தமிழ்நாடு அரசு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டது. ஒரு கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கொள்கை தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று மே 31ஆம் தேதியிட்ட உத்தரவில் உச்ச நீதிமன்றமே சொன்னது. கைபேசியும் இணையமும் இல்லாதவன் எப்படிப் பதிவு செய்வான் என்றும் கேட்டது. அப்புறம்தான் ஜூன் 21 முதல் எழுபத்தைந்து சதவீதத்தை ஒன்றிய அரசே வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது.

மிச்சம் இருபத்தைந்து சதவீதம் தனியாருக்கு என்று அப்படியே வைத்தார்கள். மே மாதத்தில் தனியாருக்குப் போன சுமார் 1.20 கோடி டோஸில் பாதியை ஒன்பது பெரிய ஆஸ்பத்திரிக் குழுமங்கள் வாங்கிக்கொண்டன. கோவாக்சின் ஊசிக்குத் தனியாரில் உச்ச விலை 1,410 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 273 ரூபாய். ஒரு ஊசிக்கு ஐந்து நாள் கூலிக்கு மேல், இரண்டு ஊசிக்குப் பத்து நாளுக்கு மேல். இருபத்தைந்து சதவீதம் ஒதுக்கியும் தனியார் போட்டது ஏழு முதல் ஒன்பது சதவீதம்தான் என்று ஆகஸ்டில் சுகாதார அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். பட்டினி கிடக்கிற வீட்டின் பங்கைச் சாப்பிட ஆளில்லாத வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றும் நாட்டின் குழந்தைகளுக்கு ஊசி மருந்து செய்துகொடுத்த அரசு நிறுவனங்கள். 2008 ஜனவரியில் மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் நிறுத்தினார்கள். போராட்டம் நடந்து 2010இல்தான் திரும்பக் கிடைத்தது. செங்கல்பட்டில் பல நூறு கோடியில் கட்டிய தடுப்பூசி வளாகம் 2021 மே மாதம் முதலமைச்சர் போய்ப் பார்த்தபோதும் உற்பத்தி தொடங்காமல் கிடந்தது. அரசுத் தொழிற்சாலையைத் தூங்க வைத்துவிட்டு இரண்டு கம்பெனிகளின் வாசலில் நின்று, “மருந்து வரத்து இல்லை” என்று சொன்னால் அதை இயற்கைப் பேரிடர் கணக்கில் சேர்க்க முடியுமா?

*

இனி எங்கள் தெருக் கதை.

எங்கள் காலனியில் அன்றைக்கு இணையம் ஓடுகிற கைபேசி ஐந்தாறு பேரிடம்தான் இருந்தது. அதில் ஒன்று என்னுடையது. கோவின் தளத்தில் அப்போது ஒரு எண்ணில் நான்கு பேரைப் பதிய முடிந்தது. என் எண்ணில் நான்கு பேரைப் பதிந்தேன், நான்கில் ஒருவர் என் பெரியம்மா. வயது ஐம்பத்திரண்டு. நாற்பத்தைந்துக்கு மேல் என்பதால் பதிவு இல்லாமலும் போகலாம். இருந்தாலும் பேர் இருந்தால் நல்லது என்று போட்டு வைத்தேன். அன்றைக்கு அந்தத் தளத்தில் தமிழ் கிடையாது. ஜூனில் மற்ற மொழிகளைச் சேர்த்தபோதும் முதலில் தமிழை விட்டுவிட்டுத்தான் சேர்த்தார்கள், சத்தம் போட்ட பிறகு வந்தது.

ஏப்ரல் கடைசியில் பெரியம்மா முதல் தடவை போனார். அப்போது கூட்டமே இல்லை. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு 17 அன்று இறந்துபோனதில் சனங்கள் பயந்திருந்தார்கள். (இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு சொன்னது அக்டோபரில்தான்.) பயப்படாமல் போன பெரியம்மாவையும் சேர்த்து ஆறு பேர். பத்துப் பேர் சேராமல் திறக்க முடியாது, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து என்னிடம் கேட்டார்:

“ஏண்டா, வயல தொறக்க ஆளு பத்தலன்றாங்க. எந்த வயல்டா அது? நடவுக்கா கூப்புட்டாங்க?”

நர்ஸம்மா சொன்ன ‘வயல்’ மருந்துக் குப்பி. நான் விளக்கிச் சொன்னேன். பெரியம்மா சிரித்தார். “நம்பளுக்கு எந்த வயலுதான்டா தொறந்திருக்குது?” என்றார்.

இரண்டாவது தடவை மே கடைசி. இதற்குள் சாவு பெருகிவிட்டது, பயம் ஊசியை விட்டு நோய் மேல் திரும்பிவிட்டது. பஸ் கிடையாது, முழு ஊரடங்கு. ஐந்து கிலோமீட்டர் நடந்து போனார். அங்கே கார்கள் நிற்கின்றன. டவுனிலிருந்து வந்தவர்கள். டோக்கன் விடிகாலையிலேயே தீர்ந்துவிட்டது, பாதி டோக்கன் முந்தின நாளே ஊர்த்தெருவில் ஒரு வீட்டிலிருந்து விநியோகமாகிவிட்டது. “காலனி ஆளுங்களுக்கு அப்புறம் தனியா போடுவாங்களாம்” என்று ஒருவர் சொன்னாராம். யார் சொன்னது, அதிகாரியா, ஆஸ்பத்திரி ஊழியரா என்றால் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு ஆள் தேவையில்லை. எந்த வரிசையிலும் அது தானாகவே வந்து நிற்கும்.

மூன்றாவது தடவை ஜூன் முதல் வாரம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருப்பு தீர்ந்து முகாம்கள் நின்றிருந்த வாரம். வாசலில் ‘தடுப்பூசி இல்லை’ என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரியாத பெரியம்மா பத்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

ஜூன் நடுவில் காய்ச்சல் வந்தது. மாதம் முடிவதற்குள் போய்விட்டார். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சரக்கு இருந்தபோது ஆள் போதவில்லை என்றார்கள், ஆள் வந்தபோது டோக்கன் இல்லை என்றார்கள், டோக்கன் வேண்டாம் வெறுமனே காத்திருக்கிறேன் என்றபோது சரக்கு இல்லை என்றார்கள். மூன்று தடவையும் பெரியம்மா அங்கே இருந்தார். அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் இல்லை. வெகுநாள் என் கைபேசியில் அந்தப் பதிவு இருந்தது. திறந்தால் பெரியம்மா பேர், பிறந்த வருடம், பெண், பக்கத்தில் ‘ஊசி போடவில்லை’. மூன்று முறை வந்து திரும்பினார் என்று எழுத அங்கே ஒரு கட்டம் கிடையாது.

*

அந்தக் குப்பியின் அரசியலைக் கொஞ்சம் பேச வேண்டும். நர்ஸம்மாவைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவரும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஏழைப் பெண்தான்.

ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்து டோஸ். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். ஏப்ரல் 11 வரைக்குமான கணக்கில் தமிழ்நாட்டில் பன்னிரண்டு சதவீதம் வீணாகிவிட்டது, நாட்டிலேயே அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. மேலிருந்து திட்டு. மேலதிகாரி கீழதிகாரியைத் திட்டினார், கீழதிகாரி நர்ஸைத் திட்டினார், நர்ஸ் குப்பியைத் திறக்கப் பயந்தார். ஜூனில் ஒன்றிய அரசு அதை விதியாகவே எழுதியது: எந்த மாநிலம் வீணாக்குகிறதோ அதற்கு ஒதுக்கீடு குறையும்.

கேட்க நியாயமாக இருக்கும். யாரைப் போய் அடிக்கிறது பாருங்கள். நகரத்தில் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு வீணாகாது. வீணாவது எங்கே? முப்பது வீடு உள்ள காலனியில், பதினைந்து வீடு உள்ள அருந்ததியர் தெருவில், ஏரிக்கரையில் எட்டுக் குடிசை போட்டிருக்கிற இருளர் குடியிருப்பில். நம்மை ஊருக்கு வெளியே சிறுசிறு துண்டாகப் பிரித்து வைத்தது யார்? நாமாகவா போய் உட்கார்ந்தோம்? ஊர்த்தெருவும் சேரியும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் பத்துப் பேர் என்ன, நூறு பேர் ஒரு நிமிடத்தில் சேர்ந்திருப்பார்கள். முகாமைக் கோயில் பக்கத்து மண்டபத்தில் வைத்துவிட்டு, “அவங்க வரலீங்க” என்று எழுதினால் அது என்ன கணக்கு? சாதி முதலில் ஊரைப் பிரித்தது, பிரித்த ஊரில் ஆள் குறைவு என்று அரசு குப்பியை மூடி வைத்தது. இதில் ஒருவர்கூடச் சாதிப் பேரைச் சொல்லித் திட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. விதியே போதுமானதாக இருந்தது.

வந்து திரும்பியவர்களுக்கு ஒரு பட்டம் வேறு கொடுத்தார்கள்: ‘தயக்கம்’. சேரி சனங்களுக்கு அறியாமை, தடுப்பூசித் தயக்கம், விழிப்புணர்வு வேண்டும்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரியம்மைக்குக் கைக்குக் கை மாற்றித்தான் அம்மைப்பால் குத்தினார்கள். ஒரு குழந்தையின் கையில் கொப்புளம் எழும்பிய எட்டாம் நாள் அதைக் கீறி அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். கீறுவதற்குக் கை கொடுக்கப் பல இடங்களில் மேல்சாதியார் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள். அந்தப் பால் கீழ்ச்சாதி உடம்பிலிருந்து வந்தது, எங்களுக்கு வேண்டாம் என்று மேல்சாதியார் மறுத்ததையும் வெள்ளை அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர் ஆசாரம். நாம் பயந்தால் மட்டும் அறியாமை.

2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் முதல் மெகா முகாம் நடந்தது. நாற்பதாயிரம் இடங்களில் வைத்தார்கள், இருபது லட்சம் இலக்கு வைத்து இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் போட்டார்கள். அன்றைக்கு எங்கள் காலனிப் பள்ளிக்கூடத்துக்கே பெட்டி வந்தது. காலை எட்டு மணிக்கு வரிசை, ஆயாக்கள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை. யார் தயங்கினார்கள்? பெட்டி எங்கள் தெருவுக்கு வர எட்டு மாதம் தயங்கியது, அதுதான் நடந்த தயக்கம். அன்றைக்கு வந்த நர்ஸம்மாவுக்கு எங்கள் தெரு இன்றைக்கும் நன்றி சொல்லும். செப்டம்பரில் முடிந்தது மே மாதத்தில் ஏன் முடியவில்லை என்றும் கேட்கும்.

*

கணக்கே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குப்பிக்குக் கணக்கு இருந்தது. ஈவின் என்று ஒரு மின்னணு வலை. எந்தக் கிடங்கில் எத்தனை குப்பி, எந்தப் பெட்டியில் என்ன வெப்பநிலை என்று நிமிடத்துக்கு நிமிடம் சொல்லும். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2021 ஜூனில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: இந்த இருப்புக் கணக்கை எங்கள் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது, வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்துவார்கள். மே மாதம் 216 கோடி டோஸ் ஆண்டுக் கடைசிக்குள் வரும் என்று பேட்டி கொடுத்தவர்கள் ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் 135 கோடி என்று மனுத் தாக்கல் செய்தார்கள். எண்பத்தோரு கோடி டோஸை ஒன்றரை மாதத்தில் காகிதத்திலேயே கரைத்தவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருக்கிறது என்று பெரியம்மா தெரிந்துகொண்டால் நாடு கெட்டுவிடும் என்றார்கள். தெரிந்திருந்தால் அவர் ஜூனில் ஐந்து கிலோமீட்டர் நடந்திருக்க மாட்டார்.

குப்பியின் சூட்டைக்கூட அளந்தார்கள். ஊசி போட்டவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது என்ன, எந்தக் கம்பெனி ஊசி, எல்லாம் தளத்தில் இருந்தது. சாதி இல்லை. குழந்தைகளுக்கு ஊசி போட்டார்களா என்று வீடு வீடாகக் கேட்கிற தேசிய குடும்ப நல ஆய்வில் சாதி கேட்கிறார்கள், அட்டவணை போடுகிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. நூறு கோடி ஊசிக்கு மட்டும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு இருபது பேர் நாம். மே மாதம் போட்ட ஊசியில் நூற்றுக்கு இருபது நமக்கு வந்ததா? நண்பரே, நீங்கள் வந்தது என்று சொல்ல முடியாது, நான் வரவில்லை என்று நிரூபிக்க முடியாது. இந்த முடியாமையை யார் உண்டாக்கினார்கள்? யாருக்கு வசதி?

1932இல் லோதியன் குழு நம் எண்ணிக்கையைக் கேட்டபோது, எங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதவர்களே இல்லை, இருந்தாலும் சொற்பம் என்று சாதி இந்துக்கள் கணக்கைச் சுருக்கப் பார்த்தார்கள். அம்பேத்கர் அந்தக் குழுவில் தனிக் குறிப்பு எழுதி எண்ணுக்காகச் சண்டை போட்டார். எண்ணப்படாதவனுக்குப் பங்கு கிடையாது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சுருக்கினார்கள், இன்றைக்குக் கேட்பதே இல்லை.

“ஊசி வரிசையில் சாதி கேட்டால் அசிங்கமாக இருக்காதா, தோழர்?” என்று ஒரு மாணவி என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. வரிசையில் சத்தம் போட்டுக் கேட்கச் சொல்லவில்லை. விருப்பப்பட்டால் சொல்லட்டும், பேர் இல்லாமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் வெளியிடட்டும். அதுவும் வேண்டாம் என்றால் தெரு வாரியாகக் கணக்குக் கொடுக்கட்டும். இந்த நாட்டில் தெருப் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். நம் சாதி அரசுக்குத் தெரியக் கூடாத ரகசியமா என்ன? மலக்குழியில் இறக்கும்போது கேட்காமலேயே தெரிகிறதே!

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாதம் நாங்கள் ஏழெட்டுப் பேர் பதிவு செய்துகொடுக்க அலைந்தோம். யார் எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு அது சாட்சி. எழுதவில்லை. எம்.ஏ. படித்த நான் எழுதவில்லை. ஏரிக்கரை இருளர் குடியிருப்புக்கு எத்தனை முறை போனோம்? ஒரே முறை. அதுவும் ஜூலையில். நம்மை ஊர் மறந்தது போல நாமும் மறந்தோம். சில தோழர்கள் ஊசியே ஏகாதிபத்தியச் சதி என்று நம் தெருவில் வந்து பேசினார்கள், பேசிவிட்டுப் போய்த் தாங்கள் போட்டுக்கொண்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

அடுத்த கொள்ளைநோய் வரும். வராமல் இருக்காது. அப்போது கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். ஒரு ஆள் வந்தாலும் குப்பியைத் திற. சிறு குடியிருப்பில் கொட்டுகிற மருந்தை வீண் என்று எழுதாதே, அது நீ ஊரைப் பிரித்து வைத்ததற்குக் கொடுக்கிற அபராதம். பெட்டி முதலில் காலனிக்கு வரட்டும், அப்புறம் மண்டபத்துக்குப் போகட்டும். இருப்பைத் தினமும் பலகையில் எழுது, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல். ஊசி போட்டவர் பேரை எழுதுகிற நோட்டின் பக்கத்தில் இன்னொரு நோட்டு வை, திரும்பிப் போனவர் பேரை எழுது. தேவை என்ன என்று அந்த இரண்டாவது நோட்டுதான் சொல்லும். கைபேசியில் பதிந்தவன்தான் தேவை உள்ளவன் என்றால், கைபேசி இல்லாதவனுக்கு உயிர் தேவையில்லை என்று அர்த்தம்.

கடைசியாகக் கொஞ்சம் இலக்கணம். ‘எல்லோருக்கும் தடுப்பூசி’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். அந்த ‘உம்’மைப் படித்தவர்கள் முற்றும்மை என்பார்கள், ஒருவரும் மிச்சமில்லை என்று பொருள். நான் வகுப்பில் அப்படித்தான் படித்தேன். எங்கள் தெருவில் நின்று படித்தால் அது வேறு உம்மை. “சேரிக்காரனுக்கும் போட்டாச்சே, இன்னும் என்ன?” என்கிறார்களே, அந்த உம். இலக்கணத்தில் அதற்கு இழிவு சிறப்பும்மை என்று பேர்.

முற்றும்மை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் வேலை. நோட்டைக் கொண்டு வரட்டும். பெரியம்மா பேரை நான் எழுதிக் காட்டுகிறேன், மூன்று முறை.